காமனுக்கு எத்தனை றாத்தல்

வில் எத்தனை றாத்தல் இழுக்கும்?
யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன்.
பெயர் பிறகு. முற்பணம் அதற்கும் பிறகு.
கண்டிக் கழகத்துக்காரர் நாற்பத்தைந்து என்பார்.
வெலிமடை சுமனதாச தன் கித்துள் வில்லைத்
தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்து
எண்ணைக் கடுதாசியில் எழுதி அனுப்புவார்.
எண் வராமல் நான் நாரைத் தொடுவதில்லை.

மாசி பிறந்த கிழமை
மேற்பிரிவிலிருந்து ஞானசீலன் வந்தான்,
தோளில் ஒரு முழுக் கரும்பு.
"அக்கா, காமன் வில்லுக்கு ஒரு நாண்."
எத்தனை றாத்தல்?
சிரித்தான்.
"அது எய்யிற வில்லாக்கா? பூ அம்பு.
சும்மா ஒரு நூலு போதும்."

சும்மா ஒரு நூல்
பசறைக் கடைத்தெருவில் பந்து எண்பது ரூபாய்.
இவ்வளவு தூரம் ஏன் இறங்கி வந்தாய்?
"போன வருசம் சணல் கட்டுனோம்.
ரதி அழுவுற இடத்துல பட்டுன்னு அறுந்து
சனம் பூரா சிரிச்சிருச்சு."

அப்படியானால் சரி.
சிரிப்புக்கும் பாரம் உண்டு.

பள்ளத்துப் பாறையிடுக்கில் மருள் நிற்கிறது,
பாம்பு கழற்றிய சட்டையைப் போட்டுக்கொண்டு.
சிரட்டை விளிம்பால் பச்சையை வழித்தால்
அந்த இலைக்குள் இத்தனை வெள்ளையா என்று
இன்றைக்கும் ஒரு நொடி மருள்வேன்.
வழித்த கை இரவு முழுக்க அரிக்கும்.
நிழலில்தான் உலர்த்த வேண்டும்,
வெயில் கண்ட நார்
சொன்ன சொல்லில் நிற்காது.

புரிக்குப் பதினெட்டு நார்.
ஒருமுறை பதினேழு வைத்துவிட்டேன்.
இழுத்துப் பார்த்தவள் நானே என்பதால்
வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
இடது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு,
விடுபட்ட அந்த ஒற்றை நார்
அங்கே குடியிருக்கிறது.

தொடையில் வைத்து
ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கு,
இரண்டையும் இடப்பக்கம் பின்னு.
ஒவ்வொன்றும் அவிழத்தான் பார்க்கிறது,
அந்த அவிழ்தலே மற்றதை இறுக்குகிறது.
இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே
கல்யாணம் என்று தலையாட்டுகிறார்கள்.
நானும் ஒருவனோடு ஒன்பது வருடம் இருந்தவள்.
நாங்கள் இருவரும்
ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டோம்.

கழுத்தில் கிடந்ததும் நாண்தான்.
பதுளை அடகுக்கடையில்
அதற்கும் ஒரு நிறை சொன்னார்கள்.
நாண் என்றால் வெட்கமும்தானே என்றாள்
பக்கத்து வீட்டு எஸ்தர்.
இருக்கலாம்.
அந்தச் சரக்கை நான் செய்வதுமில்லை,
விற்பதுமில்லை.

மெழுகு பூசிக்கொண்டிருந்தேன்.
ஞானசீலன் தலையைச் சொறிந்தான்.
"காமன் நாணுல வண்டு இருக்கணும்லக்கா,
அட்டையில வெட்டி ஒட்டவா?"
தேன்மெழுகு உருண்டையை
அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
மோந்தான்.
இன்னொரு தடவை மோந்தான்.
அட்டையைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

கரும்பு அதிகம் வளையாது,
கணுவில் விண்டுவிடும்.
நாணை இரண்டு விரல்கடை நீட்டிவிட்டு
மெல்ல மாட்டக் காட்டிக் கொடுத்தேன்.
புரிக்குப் பதினெட்டே வைத்திருந்தேன்
என்பதை மட்டும் சொல்லவில்லை.

கூத்தன்று நான் போகவில்லை.
கண்டி வில் ஒன்றுக்குக் கண்ணி கட்டும் வேலை.
மேட்டிலிருந்து தப்புச் சத்தம் வந்தது,
நின்றது,
ஒரு பெண்குரல் எடுத்த ஒப்பாரி வந்தது,
இல்லை, ரதி வேஷம் கட்டிய
லோறி றைவர் ஜெயபாலனின் குரல்.
கண்ணியைப் பிடித்தபடி காது கொடுத்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் ஞானசீலன் வந்தான்,
சட்டையெல்லாம் புகை.
நாணைச் சுருட்டிக் கையில் வைத்தான்.
வில் எங்கே?
"சின்னதுக எல்லாஞ் சேந்து
கடிச்சுத் தின்னுருச்சுக."

கொப்பியில் அவன் பெயருக்கு எதிரே
றாத்தல் கட்டம் இன்னும் வெறுமை.
நாணை உத்திரத்து ஆணியில் மாட்டி
என் உடம்பை அதில் தொங்கவிட்டேன்.
புரி பிரியவில்லை.
நடுவில் மட்டும் கரும்புச் சாறு பிசுபிசுத்தது.
கழுவ வேண்டும், மறுபடி மெழுக வேண்டும்.
பேனாவைத் தேடி எடுத்து
என்ன எண் போடுவது என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
ஆணியிலிருந்து நாண் நெடுக
எறும்புகள்
வரிசை கட்டிவிட்டன.